ஆயிரம் வாட்

நௌஷீனுக்கு வெள்ளிமலைக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று மாமியார் ஆசியா பீவி முதலில் கேட்டது மீன்களைப் பற்றித்தான்.

"இத்தனாம்பெரிய தொட்டிய இன்னா பண்ணப் போற?"

"கூட எடுத்துக்கினு போறேன், மாமி."

"மலைக்கா?"

"மலையிலயும் தண்ணி இருக்குல்ல."

மருமகள் நின்றுகொண்டு ஒரு விஷயத்தைச் சொன்னால் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்றும், உட்கார்ந்துகொண்டு சொன்னால் முடிவாகிவிட்டது என்றும் மாமியாருக்குத் தெரியும். நௌஷீன் உட்கார்ந்துதான் இருந்தாள்.

அவள் அரசு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். கணவன் அன்சர் கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மின்சாதனக் கடை வைத்திருந்தான். ஒரே மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தான். மகன் விடுதிக்குப் போன வருஷம்தான் அந்தத் தொட்டி வீட்டுக்கு வந்தது. பிள்ளை பக்கத்தில் இல்லாத குறைக்கு மீன் வளர்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அது உண்மையில்லை. அவளுக்கு மீன் பிடித்திருந்தது, வீட்டில் இப்போது இடமும் இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்தடி நீளத் தொட்டி. ஐந்நூறு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே தண்ணீர் பிடிக்கும். உள்ளே இருந்தவை மூன்று ஆஸ்கர் மீன்கள். வாங்கும்போது விரல் நீளம் இருந்தவை, இப்போது ஒவ்வொன்றும் இரண்டு உள்ளங்கை சேர்ந்தாற்போல இருந்தன. கறுப்பு உடம்பில் தணல் சிதறியது போல ஆரஞ்சுக் கோடுகள். மற்ற மீன்களைப் போல அவை சும்மா சுற்றி வருவதில்லை. யார் அறைக்குள் வந்தாலும் கண்ணாடியோரம் வந்து நின்று பார்க்கும். கூழாங்கல்லை வாயால் கவ்வி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய்ப் போடும். பிடிக்காத தீனியைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நௌஷீன் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பெரியது, கோணவாலு, சின்னது என்று அடையாளம் மட்டும் இருந்தது.

மழை தொடங்குவதற்கு முன்பாகவே குடிபெயர்ந்துவிட்டார்கள். மீன்களைத் தண்ணீரோடு மூன்று பெரிய டிரம்களில் விட்டு, காலித் தொட்டியைக் கம்பளிகளில் சுற்றி, குட்டி யானை வண்டியில் ஏற்றி, வடக்கனந்தல் தாண்டி மலைப்பாதையில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அன்சர் வண்டியை நிறுத்தி இறங்கி டிரம்மை எட்டிப் பார்த்தான். வேண்டாம் என்று முகம் சுளித்தாலும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அதைச் சரியாகச் செய்கிறவன் என்றுதான் நௌஷீன் அதுவரை அவனை நினைத்திருந்தாள்.

வெள்ளிமலையில் கிடைத்தது ஓட்டுக்கூரை போட்ட வாடகை வீடு. சிமென்ட் தரை, கெட்டியான சுவர். பக்கத்து வீட்டில் பூமாலை இருந்தாள். மலைக்காரப் பெண், மரவள்ளிக் காட்டில் கூலி வேலைக்குப் போவாள், வேலை இல்லாத நாட்களில் நௌஷீனுக்கு வீட்டுவேலையில் ஒத்தாசை செய்வாள். தொட்டியில் மீன்களை விட்ட அன்று வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத எப்பக்கா கொழம்பு வெப்பீங்க?"

"வெக்க மாட்டேன்."

"சும்மாவா வளக்கறீங்க?"

"சும்மாதான்."

பூமாலைக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் மறுநாளும் வந்து பார்த்தாள்.

அன்சர் வாரத்தில் பாதி நாள் கீழே கடையில் இருப்பான், மீதி நாள் மேலே வருவான். எல்லாம் கார்த்திகை வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது.

கீழே கள்ளக்குறிச்சியில் தொட்டித் தண்ணீர் எந்நாளும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கோடையில் அதைக் குளிர வைப்பதுதான் பாடு. மலையில் கார்த்திகை பிறந்ததும் சாயங்காலமே பனி இறங்கியது. காலையில் சமையலறைத் தேங்காயெண்ணெய் புட்டியிலேயே கட்டியாகிக் கிடந்தது. அந்த வாரத்தில்தான் மீன்கள் தீனியைத் தொடுவதை நிறுத்தின. மூன்றும் தரையோரமாக, கூழாங்கல் மேல் வயிறு படப் படுத்துவிட்டன. சின்னதின் துடுப்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. நௌஷீன் சுகாதார நிலையத்திலிருந்து பழைய தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். பதினெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த மீனுக்கு இருபத்தைந்துக்குக் குறையக் கூடாது.

கைபேசியில் அன்சரிடம் சொன்னாள்.

"ஹீட்டர் போட்டாப் போவுது. நாளைக்கு சரக்கு எடுக்க சேலம் போறேன், வாங்கிக்கினு வர்றேன்."

அவன் வாங்கி வந்தது கைமுழம் நீளத்துக்குத் தடித்த கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பிச்சுருள், தலையில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு. பெட்டியின் மேல் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தது.

"இவ்ளோ பெருசா?" என்றாள் நௌஷீன்.

"அந்த மீன் கடக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? முந்நூறு வாட்ல ரெண்டா வாங்குங்க, அதுக்கு மேல தனியா ஒரு கண்ட்ரோல் பெட்டி வாங்குங்கன்றான். நானே எலெக்ட்ரிக் கட வெச்சிருக்கேன், எங்கிட்டயே யாவாரம் பண்றான்." அன்சர் சிரித்தான். "கீசரு ஒண்ணுதான மாட்டறோம் வூட்டுக்கு? பெருசா ஒண்ணு இருந்தா சுருக்கா சூடாயி சுருக்கா நின்னுடும். அதுக்கு வேல கம்மி."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. மின்சாரத்தைப் பற்றி அன்சர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஊரிலும் பாதிப்பேருக்குக் கிடையாது. குழாயைத் தொட்டியின் பின்கண்ணாடியில் செங்குத்தாக ஒட்டினான். ஒயரை நேராகக் கீழே இறக்கித் தொட்டி நின்ற இரும்புத் தாங்கியின் காலோடு கட்டி, அடியில் இருந்த பிளக் போர்டில் செருகினான். திருகை இருபத்தாறில் வைத்தான். மறுநாள் மதியத்துக்குள் மீன்கள் எழுந்து வந்துவிட்டன. பெரியது புதுக் குழாயைச் சந்தேகமாக இரண்டு முறை முட்டிப் பார்த்தது. பூமாலை வந்து கண்ணாடியில் கையை வைத்து, "யக்கா, வெந்நீல குளிக்குது பாரு மீனு" என்றாள்.

வெள்ளைப் புள்ளிகளும் மெல்ல மறைந்தன. நௌஷீன் தெர்மாமீட்டரைத் துடைத்துச் சுகாதார நிலையத்திலேயே திருப்பி வைத்துவிட்டாள். அதுதான் அவள் பங்குக்கு அவள் செய்த தவறு. குழாயின் தலையில் இருபத்தாறு என்று இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

மலையில் மின்சாரம் ஒரு நிலையில் இருப்பதில்லை. போகும், வரும், வந்தால் விளக்கு மங்கலாக எரியும், திடீரென்று பளீரென்று ஏறும். ஒவ்வொரு தடவையும் குழாய்க்குள், சூடு போதுமானதும் மின்சாரத்தைத் துண்டிக்கிற சின்னத் தகடு ஒட்டிப் பிரிந்து, ஒட்டிப் பிரிந்து பொறி கக்கியது. அவ்வளவு பெரிய சுமையை இழுக்கிற தகடு அது. ஒரு நாள் ஒட்டிய இடத்திலேயே உருகி நின்றுவிட்டது. அது எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நௌஷீன் காலையில் வேலைக்குப் போன பிறகு என்று மட்டும் சொல்லலாம், ஏனென்றால் காலையில் மீன்கள் தீனி தின்றன.

அன்று காய்ச்சல் முகாம். மருந்து கொடுத்து முடித்து அவள் வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்ததும் முதலில் ஒரு வாடை வந்தது. கலங்கிய குட்டையின் வாடை. தொட்டியின் கண்ணாடி மூடியெல்லாம் நீர் முத்து முத்தாகக் கட்டியிருந்தது. கோணவாலும் சின்னதும் பக்கவாட்டில் மிதந்தன. பெரியது மட்டும் மேல்மட்டத்தில் வாயை வைத்து, செவுள் முழுக்கத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. தண்ணீரில் விரலை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது.

அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: சுடுதண்ணீரை எடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை விட வேண்டும். வாளியை எடுத்தாள். மொண்டு மொண்டு வாசலில் கொட்டினாள். தரையெல்லாம் ஈரம். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியபோது ஹீட்டர் குழாயின் மேல்பாதி வெளியே நின்றது. உள்ளே சுருள் செக்கச்செவேலென்று எரிவதை அவள் பார்த்தாள். பார்த்தும், அது என்னவென்று மனசில் பதியவில்லை. தண்ணீர்க் குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரை ஒரு வாளி அப்படியே உள்ளே ஊற்றினாள்.

ஹீட்டரின் கண்ணாடியில் டக்கென்று ஒரு சத்தம். தேங்காய் ஓடு பிளப்பதுபோல, பெரிய சத்தம்கூட இல்லை.

பெரிய மீன் புரண்டு துடித்தது. அதைத் தூக்கி வாளியில் விடலாம் என்று நௌஷீன் இடதுகையால் இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு வலதுகையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

பிறகு நடந்ததை அவள் முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. கை தன்னுடையதாக இல்லை; யாரோ உள்ளிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கத்த நினைத்தாள், தாடை திறக்கவில்லை. கண்ணெதிரில் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் படம் மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அது மெக்காவின் படம். சாகுமுன் கலிமா சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அதன் முதல் சொல் வரவில்லை.

பூமாலை காட்டிலிருந்து திரும்பி வந்தவள், வாசலெல்லாம் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அக்கா தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு ஆடுவதைக் கண்டதும் பிடித்து இழுக்கத்தான் வந்தாள். என்ன தோன்றியதோ, பாதியில் நின்றாள். தாங்கியின் காலோடு இறங்கிய கறுப்பு ஒயரைப் பிடித்து, சுவரில் காலை முட்டுக்கொடுத்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். போர்டோடு சேர்ந்து பிளக் பிய்த்துக்கொண்டு வந்தது. நௌஷீன் ஈரத்தரையில் மல்லாக்க விழுந்தாள்.

அன்சருக்குத் தகவல் போனபோது அவன் கடையை அடைத்துவிட்டு மேலே வந்துகொண்டிருந்தான். சுகாதார நிலையத்துக்குள் அவன் நுழைந்தபோது நௌஷீன், தான் தினமும் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு எதிர் அறையில் படுத்திருந்தாள். வலதுகை விரல்களில் கட்டு. இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்றும், இருந்தாலும் விடியும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அன்சர் கட்டிலருகே நின்றான். கட்டுப் போட்ட கையைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கட்டில் கம்பியைத் தொட்டான்.

"பெருசு உயிரோட இருக்குதா?" என்று கேட்டாள் நௌஷீன்.

"எது?"

"மீனு."

"டிரம்முல விட்டிருக்காங்க போல. கெடக்குது." கம்பியிலிருந்து கையை எடுத்தான். "தொட்டிய யாருக்காச்சும் குடுத்துடலாம், நௌஷீன்."

"தொட்டி இன்னா பண்ணுச்சி?"



மறுநாள் காலையில் வீட்டுக்குக் கூட்டி வந்தான். பூமாலை தரையைத் துடைத்து, செத்த மீன்களைத் தோட்டத்தில் புதைத்துவிட்டிருந்தாள். குழம்பு வைக்கலாமா என்ற யோசனை வந்ததாகவும், மனசு கேட்கவில்லை என்றும் சொன்னாள். பிறகு டீயைக் கொடுத்துக்கொண்டே, யாரையும் குறை சொல்கிற எண்ணமே இல்லாமல் பேச்சுவாக்கில் சொன்னாள்:

"அன்னிக்கே அண்ணன் சொன்னாருக்கா. சாமான் எறக்கன அன்னிக்கு அந்த லைட்டு வெச்ச ஸ்குரு டைவர வுட்டுப் பாத்துட்டு, இந்த வூட்டுல எர்த்தே இல்ல, ஓட்டதான் இருக்குது, உள்ள ஒயரே வரலன்னாரு. ஓட்டைக்குள்ள இன்னாத்துக்கு ஒயருன்னு நான்கூட கேட்டேன்."

அன்சர் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பூமாலை இருவரையும் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனாள்.

நௌஷீன் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வந்த அன்னிக்கேவா?"

"அடுத்த வெள்ளிக்கெழம போட்டுடலாம்னு இருந்தேன். அப்புறம்..." அவன் தன் கைகளைப் பார்த்தான். "மறந்துடலம்மா. மறந்துட்டேன்னு சொன்னா பொய். வாடக வூடுதான, நம்ம வூடா இன்னா, எத்தினி நாளைக்கு இருக்கப் போறோம்னு உட்டுட்டேன்."

கடையில் யார் கீசர் வாங்க வந்தாலும் கசிகிற மின்சாரத்தை மண்ணில் இறக்க எர்த் இல்லாமல் மாட்டாதீர்கள் என்று அவன் சொல்வதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒருவருக்கு விற்கவே மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். அவள் அதை இப்போது சொல்லிக்காட்டவில்லை. சொன்னால் அழுதுவிடுவான் என்று தோன்றியது. அவன் அழுதால் தேற்ற வேண்டியிருக்கும். அன்று அவளுக்கு யாரையும் தேற்றத் தெம்பில்லை.

அதற்கடுத்த நாட்களில் இருவரும் தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. சோறு வைத்தாள், தின்றான். அவன் கீழே போகவில்லை, கடையை அடைத்தே வைத்திருந்தான். பெரிய மீனைத் தொட்டியில் விட்டு, மூன்று பக்கமும் தெர்மோகோல் அட்டை ஒட்டி, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களை மிதக்கவிட்டு எப்படியோ காப்பாற்றி வைத்தார்கள். அதன் ஒரு கண் வெந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. யாராவது வந்தால் இன்னொரு கண் பக்கமாகத் திரும்பி நின்று பார்த்தது.

கட்டு பிரித்ததும் நௌஷீன் சேலம் போகிறேன் என்றாள்.

"நானும் வர்றேன்."

"வேணாங்க. நீங்க எர்த் வேலையப் பாருங்க."

சின்னசேலம் வரை பஸ், அங்கிருந்து ரயில். அன்சர் சொன்ன கடையைத் தேடிக் கண்டுபிடித்தாள். கடைக்காரர் பிரவீன்குமார் நாற்பது வயதுக்காரர். வலை போட்டு யாருக்கோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு லிட்டர், வெள்ளிமலை, ஆஸ்கர் என்று அவள் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"போன மாசம்கூட ஒருத்தர் வந்தாருங்க, அந்தப் பக்கம்தான். ரெண்டா வாங்குங்கன்னா கேக்கல. பெருசா ஒண்ணு எடுத்துட்டுப் போயிட்டாரு."

அது என் கணவர் என்று நௌஷீன் சொல்லவில்லை. "ஏன் ரெண்டு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஹீட்டர்னா ஒரு நாள் கெட்டுத்தாங்க போகும். அதுல மாற்றமே இல்ல. ரெண்டு விதமா கெடும். ஒண்ணு, சூடே ஆகாது. இன்னொண்ணு, நிக்கவே நிக்காது. சின்னதா ரெண்டு இருந்தா, ஒண்ணு செத்தா இன்னொண்ணு தாக்குப்பிடிக்கும். ஒண்ணு நிக்காம ஓடுனாலும் அவ்வளவு தண்ணியக் கொதிக்க வைக்க அதால ஆகாது. நீங்க கவனிக்கறதுக்கு நேரம் கெடைக்கும்."

மருந்தாளுநர் வேலை செய்கிறவளுக்கு அது புரியாத கணக்கில்லை. வீரியமான ஒரே மாத்திரையை விடப் பிரித்துக் கொடுப்பதில்தான் கைப்பிசகு பொறுக்கும். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவ்வளவு பெரிய மீன் கண்ணாடியை முட்டி உடைக்காதா? உடைக்கும், அதனால் டைட்டானியம் குழாய் எடுங்கள், அதற்கு மேல் பிளாஸ்டிக் கூடு ஒன்றும் போடுங்கள், மீன் மேலே சாய்ந்து சுட்டுக்கொள்ளாது. கண்ட்ரோல் பெட்டி எதற்கு? ஹீட்டருக்குள் இருக்கிற தகடு ஒட்டிக்கொண்டாலும் வெளியே இருந்து இது மின்சாரத்தை நிறுத்தும். இதன் நுனியில் இருக்கிற உணர்கம்பி தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும்; மீன் தட்டி வெளியே வந்துவிட்டால் காற்றைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு சுடவைத்துக்கொண்டே இருக்கும், அழுத்தி ஒட்டுங்கள். இதையெல்லாம் நம்பிவிடாமல் எதிர்மூலையில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் விடுங்கள், தினமும் பாருங்கள்.

"தண்ணி மாத்தறப்ப?"

"பிளக்கையே புடுங்கிடணுங்க. சுவிட்ச அணைக்கறது பத்தாது. புடுங்கி, குழாய் ஆறுற வரைக்கும் காத்திருந்துதான் தண்ணிய எறக்கணும்." பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, கொடுக்காமல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "இது உலோகம். வீட்டுல எர்த் இருக்குல்லங்க?"

"போட்டுக்கினு இருக்காங்க."

"போட்டு முடிச்ச பெறகு பெட்டியப் பிரிங்க."

அவர் பார்வை அவள் விரல்களின் புதுத்தோலில் நின்றது. பெட்டிகளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் திரும்பி வந்தபோது அன்சர் வீட்டுக்குப் பின்னால் குழிக்குள் நின்றிருந்தான். மலை மண், கொஞ்சம் தோண்டினாலே பாறை. கடப்பாரை பட்டுக் கை கொப்பளித்திருந்தது. கூலிக்கு ஆள் வைக்கலாமே என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னாராம், அவன் கேட்கவில்லையாம். பூமாலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "காலையிலேர்ந்து வெட்டிக்கினே இருக்காருக்கா. ரெண்டு எடத்துல பாற வந்துச்சி. இது மூணாவது குழி."

நௌஷீன் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்தான். வேர்வையும் மண்ணுமாக அவன் முகம் அடையாளம் தெரியாமல் இருந்தது.

செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குழியை மூடினான். வீட்டின் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் புது ஒயர் இழுத்தான். வாசல் போர்டில், மின்சாரம் கொஞ்சம் கசிந்தாலும் கண் இமைப்பதற்குள் மொத்தத்தையும் நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்றை மாட்டினான். தொட்டிக்கான போர்டைக் கீழேயிருந்து எடுத்து, சுவரில் தொட்டியை விட உயரத்தில் அடித்தான். ஒயரை அந்தப் போர்டைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினான். ஒயர் வழியாக நீர் வழிந்தால் வளைவின் அடியில் சொட்டிப் போகும், போர்டுக்குள் ஏறாது. இதெல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்த சங்கதிகள்.

"காட்டுங்க" என்றாள் நௌஷீன்.

புது சுவிட்சில் சோதித்துப் பார்க்கிற பொத்தானை அழுத்தினான். டக்கென்று வீடு முழுக்க அணைந்தது. மறுபடி போட்டான்.

"நான் அழுத்தறேன்."

அழுத்தினாள். அணைந்தது.

"இன்னொரு தடவ."

அவள் போதும் என்று நினைக்கும் வரை அவன் சுவிட்சைத் தூக்கிவிட்டுக்கொண்டே நின்றான்.

ஹீட்டர்களைத் தொட்டியின் இரண்டு முனையிலும் படுக்கைவாட்டில், அடியோரமாக ஒட்டினார்கள். இந்த முறை திருகை வைத்தது நௌஷீன். உணர்கம்பியை ஒட்டியதும் அவள்தான். தண்ணீர் மெதுவாக, இரண்டு நாளில்தான் இருபத்தாறுக்கு வந்தது. அவ்வளவு மெதுவாக ஏறியதே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மார்கழியில் ஒரு காலையில் தெர்மாமீட்டர் இருபத்துநான்கு காட்டியது. சோதித்துப் பார்த்தால் இடதுபக்க ஹீட்டர் உயிரை விட்டிருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்சருக்குக் கோபம் வந்து கடைக்காரரைத் திட்ட கைபேசியை எடுத்தான். நௌஷீன், "கெடும்னு சொல்லித்தான் குடுத்தாரு" என்றாள். மாற்று வரும்வரை வலதுபக்கம் ஒன்றே ஓடியது. மீன் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒற்றைக் கண்ணோடு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு போய் மூலையில் குவித்தது.

நௌஷீனின் விரல்களில் இரண்டு இன்னும் மரத்தே இருக்கின்றன. மாத்திரை அட்டையை எண்ணும்போது சில சமயம் நழுவுகிறது. நரம்பு மெதுவாகத்தான் வரும் என்று டாக்டர் சொல்கிறார்.

அன்சர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிப்பாக மேலே இருக்கிறான். அன்றுதான் தண்ணீர் மாற்றுவது. அவள் வாளியையும் ரப்பர் குழாயையும் எடுத்ததுமே எழுந்து வந்து இரண்டு பிளக்கையும் பிடுங்கிவிடுகிறான். பிடுங்கியதை எங்கும் மாட்டி வைப்பதில்லை. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்படி நிற்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

குழாய்கள் ஆறுகிற நேரத்தில் வேறு வேலை எதுவும் செய்ய முடியாது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறாள். அவன் கீழே நடந்ததைச் சொல்கிறான். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர் மோட்டார் வாங்க வந்து மூன்று மணிநேரம் பேசிவிட்டு வாங்காமல் போனது, அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தணிந்தது, மகன் மீனைக் காட்டச் சொல்லி வீடியோ கால் கேட்டது. சில வாரம் பேச்சு நீண்டு, ஆறவேண்டியது ஆறி வெகுநேரம் ஆகிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் பேசிக்கொண்டே இருந்தவன் இடையில் நிறுத்தி, "ஆறியிருக்கும், தண்ணிய எறக்கு" என்றான்.

"இருங்க, சொல்லி முடிங்க" என்றாள் நௌஷீன்.